இருபத்து மூன்று தளங்களுக்கு ஒரு தனிவீடு

என் கணவருக்கு எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். அரசு வங்கி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். லேக் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனால்கூட மூன்று கடையில் விசாரித்து, முதல் கடைக்காரன் சொன்ன விலையை மூன்றாவது கடைக்காரனிடம் சொல்லி, கடைசியில் இரண்டாவது கடையில் வாங்கிக்கொண்டு வருவார். அதற்குள் நான் வெறும் வெங்காயத்தைப் போட்டு சாம்பாரை இறக்கியிருப்பேன். அப்படிப்பட்டவரிடம் போய், "எனக்குன்னு தனியா ஒரு சர்வர் வேணும்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் எங்கள் வாடகை வீடு. தரைத்தளம். தொண்ணூறுகளின் கடைசியில் கரியாஹாட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பள்ளியில், என் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டேன். முதல் தளம் எங்கள் தெரு ஹோமியோபதி டாக்டருக்கு. அவர் டாலிகஞ்சில் ஒரு மிட்டாய்க் கடைக்காரரிடம் சொன்னார், மிட்டாய்க் கடைக்காரர் தன் மைத்துனரின் டிராவல்ஸுக்குச் சொன்னார். இப்படி வாய்மொழியாகவே வளர்ந்து, வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து ஓரிரு வருடம் ஆவதற்குள் என்னிடம் இருபத்து மூன்று தளங்கள் சேர்ந்துவிட்டன. ரவீந்திர சங்கீதப் பள்ளி ஒன்று, மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்று, எங்கள் தமிழ்ச் சங்கம், எங்கள் பாடாவின் துர்க்கா பூஜைக் கமிட்டி. பாடா என்றால் தெருவும் அதில் இருக்கிற மனிதர்களும் சேர்ந்தது. அதற்குச் சரியான தமிழ் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த இருபத்து மூன்றும் அதுவரை ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தன. ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். வாடகை குறைவு. ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்துப் போர்ஷன்காரன் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்கினால் உங்கள் வீட்டிலும் தண்ணீர் வராது. விஸ்வகர்மா பூஜை அன்று அப்படித்தான் ஆயிற்று. ஊரே மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. யாரோ முகம் தெரியாத சக குடித்தனக்காரர் லட்சக்கணக்கில் விளம்பர மெயில் அனுப்பப் போக, சர்வர் படுத்துவிட்டது. மிட்டாய்க் கடைக்காரர் போன் செய்து, "திதி, என் கடையைக் காணோம்" என்றார், திருட்டுப் போன மாதிரி. திதி என்றால் அக்கா. ஹோஸ்டிங் கம்பெனி மறுநாள் சாயங்காலம் பதில் எழுதியது: வருந்துகிறோம் என்று. எனக்கு வந்த கோபத்தில், இனிமேல் யாரோடும் ஒண்டுக்குடித்தனம் கிடையாது, தனி வீடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் உண்மையான காரணம்.

மாடி வீட்டில் பௌதி இருந்தாள். பௌதி என்றால் அண்ணி. பத்தொன்பது வருடமாக எங்களுக்கு மேல்வீடு. அவளுடைய ஒரே பெண் என் சமையலறையில் தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கிலாந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருட துர்க்கா பூஜைக்கு அவளுக்கு ஐந்தாம் மாதம். முந்தைய தடவை ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பௌதிக்கு விசா இன்னும் வந்தபாடில்லை. பெண்ணே எனக்கு போன் செய்தாள். என்னை அவள் காக்கிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கிமா, ஸ்கேன் நவமி அன்னைக்கு வருது. அன்னைக்குக் காலையில பந்தல்ல அம்மா எனக்காகப் பூப்போட்டு அஞ்சலி பண்றதைப் படம் பிடிச்சு உடனே பூஜை சைட்ல போடுவீங்களா? அதைப் பார்த்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன். பார்க்காம போக எனக்கு பயமா இருக்கு."

போடுகிறேன் என்று சொன்னேன். சத்தியம் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் நீளக் கோடு போட்ட தாள் எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். வங்கியில் இதற்கு ஒப்பீட்டு அறிக்கை என்று பெயராம். நான் மெமரி எவ்வளவு, டிஸ்க் ஒன்றா இரண்டா, மாதத்துக்கு எவ்வளவு போக்குவரத்து தாங்கும் என்று மூன்று கட்டம் கேட்டேன். இரண்டு டிஸ்க் வேண்டும், ஒன்று செத்தாலும் இன்னொன்று அதே நகலோடு நிற்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் தன் பங்குக்கு ஒரு கட்டம் சேர்த்தார். தலைப்பு: கூப்பிட்டால் வருவானா?

"இதெல்லாம் ஒரு கேள்வியான்னா?" என்று கேட்டேன்.

"இது ஒண்ணுதான் கேள்வி. மீதியெல்லாம் விளம்பரம்" என்றார்.

மூன்று இடங்கள் தேறின. மும்பையில் ஒரு பெரிய டேட்டா சென்டர், அமெரிக்காவில் ஒரு கம்பெனி, நம்மூர் சால்ட் லேக் செக்டார் ஃபைவில் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே கேள்வியை என்னை எழுதச் சொன்னார்: உங்கள் சர்வர் கெட்டுப்போனால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? மும்பைக்காரர்கள் பளபளவென்று பன்னிரண்டு பக்கச் சிற்றேடு அனுப்பினார்கள். அதில் கேள்விக்குப் பதில் இல்லை. சால்ட் லேக்காரர் பதில் எழுதாமல் போனில் கூப்பிட்டு, நேரில் வாருங்கள், டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார். போனோம்.

அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் ஓர் அறை, இரண்டு ஏ.சி., அலமாரியில் ஒன்பது சர்வர்கள். ஒவ்வொன்றையும் மாட்டுக்காரன் மாட்டைத் தட்டுவது போலத் தட்டித் தட்டி அறிமுகம் செய்தார். புது ஈச்சவெல்லத்தில் செய்த நோலென் குர் சந்தேஷ் என்கிற மிட்டாய் கொடுத்தார். அது பனிக்காலத்துப் பண்டம், ஐப்பசிக்கு முன்னால் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்குக் கண் சிமிட்டினார். இவர் சந்தேஷையும் சாப்பிட்டுவிட்டு விசாரணையையும் தொடங்கினார்.

"கரண்ட் போனா?"

"ஜெனரேட்டர் இருக்கு தாதா." தாதா என்றால் இங்கே அண்ணன்.

"டீசல் தீர்ந்துபோனா?"

"ஸ்கூட்டர் இருக்கு. நானே போய் வாங்கிட்டு வருவேன்."

"பூஜை நாலு நாளும் இங்க யார் இருப்பா?"

அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "பூஜைலயா? பூஜைல யார் தாதா வேலை பார்ப்பாங்க? கதவைப் பூட்டிட்டுப் போயிடுவேன். மா துர்க்கா பார்த்துப்பா."

வரும் வழியில் பஸ்ஸில் இவர் பெருமூச்சு விட்டார். "ரொம்ப நல்ல மனுஷன். என்ன பண்றது, நமக்கு அந்த நாலு நாள்தான் வேணும்" என்று சொல்லி, தாளில் அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

அமெரிக்காக்காரன் மட்டும் இருபது நிமிடத்தில் நாலு வரி எழுதியிருந்தான். எந்திரம் கெட்டால் நாங்களே மாற்றிவிடுவோம். உள்ளே ஓடுகிற மென்பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை. பேக்கப் உங்கள் வேலை. இவை எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. இவருக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. "எதைப் பண்ண மாட்டேன்னு மொதல்லயே சொல்றான் பாரு. கடன் கேக்க வரவாள்ல இப்படி ஒருத்தன் வந்தா கண்ணை மூடிண்டு கொடுப்பேன்" என்றார். அமெரிக்கா என்று முடிவாயிற்று.

சண்டை வந்தது அந்தத் தனித் திட்டத்தில். அதை வாங்கிவிடு என்றார் இவர். நான் மாட்டேன் என்றேன். காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் காரணம் அது இல்லை. என் வீட்டுச் சாவியை எவனோ ஒருத்தன் ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? சர்வரை நடத்த எனக்குத் தெரியாதா? நாற்பத்தாறு வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தது எதற்கு? இவ்வளவையும் நான் கத்தித்தான் சொன்னேன்.

"ஆனை வாங்கறே, பாகன் வேண்டாங்கறே. நன்னாயிருக்கு" என்றார். "உனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா? உனக்கு ஜுரம் வந்தா என்ன பண்ணுவே?"

"எனக்கு ஜுரமே வராது" என்றேன். இப்படிப் பேசுகிற வாயை என்ன செய்வது? அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, தாளில் என் விருப்பப்படியே கையெழுத்துப் போட்டார். அந்த மாதக் கடைசியில் பாகனையும் சேர்த்து வாங்கினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு நடுவில்தான் பூஜை வந்தது.

மகாளயத்துக்குள் எல்லாத் தளங்களையும் குடிமாற்றினேன். தினம் இரண்டு, மூன்று. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அறை, இவ்வளவுதான் இடம் என்று உச்சவரம்பு. பூஜைக் கமிட்டிக்கு மட்டும், பாவம் நிறையப் படம் போடுவார்கள் என்று தாராள மனசோடு வரம்பை எடுத்துவிட்டேன். சர்வரின் தலைமைப் பாஸ்வேர்ட் பதினாறு எழுத்து. அதைக் கம்ப்யூட்டரில் வைக்கக் கூடாது, கையால் எழுதித்தான் வைக்க வேண்டும் என்று இவர் வங்கிச் சட்டம் பேசினார். ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினேன். தளங்கள் அத்தனையும் மளமளவென்று திறந்தன. மிட்டாய்க் கடைக்காரர் ஒரு பெட்டி ரசகுல்லா அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெங்காலிகளுக்கு சரஸ்வதி பூஜை தை, மாசியில் வரும். நமக்கு நவமியில். இங்கே அந்த நாளில் பந்தலில் டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருக்கும், எங்கள் வீட்டில் மட்டும் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தி சுண்டல் நைவேத்தியம் நடக்கும். மறுநாள் விஜயதசமி காலை புனர்பூஜை ஆகும்வரை எழுத்தைத் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நியூஸ்பேப்பரைத் திருப்பிப் போட்டுவிடுவார். மாத்திரை அட்டையில் பெயரைக்கூட என்னைத்தான் பார்க்கச் சொல்வார். ஒரு வருடம் நவமியன்று கூரியர்காரன் வந்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்துக் கொடுத்தார். கூரியர்காரன் இவரை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனான்.

அந்த வருடமும் தொழில் செய்கிற சாமான் என்று கீபோர்டைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜையில் வைத்தார். என் டிசைன் புத்தகங்கள், அவருடைய பழைய கணக்குப் புத்தகங்கள், ராமாயணம். நீல நோட்டும் அந்த அடுக்கில் எங்கோ போய்விட்டது. வைத்தது நான்தான். அது ஒரு நாள் கழித்துத்தான் வெளியே வரும் என்று தெரிந்துதான் வைத்தேன். எனக்கென்ன கவலை? படங்களைப் பூஜைக் கமிட்டியின் கிளப்பில் இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து கமிட்டிச் செயலாளரே ஏற்றுவதற்குப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தேன். சர்வர் அமெரிக்காவில் ஓடுகிறது. அதற்கு சரஸ்வதி பூஜை உண்டா என்ன?

பதினொன்றரை மணி இருக்கும். பௌதி மாடிக்கு ஏறாமல் பந்தலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். புதுச் சேலை, கையில் இன்னும் இரண்டு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் செல்போன்.

"அஞ்சலி பண்ணிட்டேன். படமும் எடுத்தாச்சு. ஆனா பொண்ணு சொல்றா, எதுவுமே திறக்கலையாம். வெள்ளையா இருக்காம்" என்றாள் பெங்காலியில். "எட்டு மணிக்கு அவ கிளம்பணும்."

அங்கே எட்டு என்றால் இங்கே பன்னிரண்டரை. நான் வெளியே ஓடினேன். கிளப்பில் செயலாளர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். மூன்று நாளாக, கேமராவில் எடுத்ததை எடுத்தபடியே, சுருக்காமல், ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்கிறார். நான் வரம்பை எடுத்துவிட்டேன் அல்லவா, டிஸ்க் முழுக்க நிரம்பி சர்வரே மூச்சு விட முடியாமல் நின்றுவிட்டது. இருபத்து மூன்று தளமும் போயிற்று. பௌதியின் படத்தை மெயிலில் அனுப்புங்கள் என்றேன். ஏற்றின கையோடு கேமராவைக் காலி செய்துவிட்டாராம், கிளப் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளவில்லையாம். சைட்டில்தான் இருக்கிறதே திதி என்றார். அஞ்சலியோ முடிந்துவிட்டது. அந்தப் படம் இருந்த ஒரே இடம் என் சர்வர்.

உள்ளே நுழைந்து வேண்டாததை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். பத்து நிமிட வேலை. அமெரிக்காக்காரனைச் செய்யச் சொல்லலாம் என்றால், அதுதான் நான் வேண்டாம் என்று கத்தின திட்டம். கீபோர்டும் நோட்டும் பட்டுத்துணிக்குள்ளே. வீட்டுக்கு வந்து பூஜை அறை வாசலில் நின்றேன். இவர் பாயில் உட்கார்ந்து ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நோட்டைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐம்பத்தைந்து வருடப் பழக்கத்தை என் அகம்பாவத்துக்காக உடை என்று எப்படிக் கேட்பது? பௌதி கூடத்து நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே, "பாவம், தனியா பயந்துட்டு இருப்பா" என்றாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று தடவை உண்டாகி மூன்று தடவையும் தங்கவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு இதே வீட்டில், உள்ளறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் படுத்திருந்தேன். ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. அப்போது பௌதி இந்த வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மீன் சமைக்கிற பாத்திரம் கலக்கக் கூடாது என்று எனக்காகப் புதுப் பாத்திரம் வாங்கி, இவரிடம் கேட்டுக் கேட்டு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, தினம் இரண்டு வேளை படியிறங்கி வந்து ஊட்டிவிட்டாள். இதைப் பற்றி நானும் இவரும் அதற்குப் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை.

இவர் ஸ்லோகத்தை நிறுத்தினார். எழுந்து ஒரு தடவை விழுந்து நமஸ்காரம் செய்தார். பட்டுத்துணியை விலக்கினார். ராமாயணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், கணக்குப் புத்தகங்களை எடுத்து வைத்தார், நீல நோட்டை உருவினார். கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன்னா, இன்னிக்குத் தொடப்படாதுன்னு..."

"நான்தானே தொடறேன். சரஸ்வதி கோச்சுக்க மாட்டா. கோச்சுண்டா நான் பேசிக்கறேன். நீ வந்து உக்காரு."

கீபோர்டை மாட்டினேன். நோட்டில் எழுத்து எனக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டை விரித்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, உரக்கப் படித்தார். பெரிய கே. ஏழு. சின்ன எம். மறுபடி ஏழு. நினைவு தெரிந்த நாளாக நவமியில் ஒரு எழுத்துப் படிக்காதவர் பதினாறையும் படித்து முடித்தார். நான் உள்ளே போய், முதல் இரண்டு நாள் படங்களில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். பன்னிரண்டு ஐந்துக்குத் தளம் திறந்தது. பௌதி, கண்ணை மூடி, கைநிறையப் பூவோடு. அவள் செல்போனில் பெண்ணின் குரல் எங்களுக்கே கேட்டது. முதலில் அழுகை. அப்புறம், "மா, அந்தச் சேலைக்கு அந்த பிளவுஸா போடுவாங்க?"

பௌதி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் மாடிக்குப் போனாள். நான் கீபோர்டைக் கழற்றினேன். நோட்டையும் வாங்கித் திரும்ப உள்ளே வைக்கக் கையை நீட்டினேன். இவர் தரவில்லை.

"இருக்கட்டும். அவ ஆஸ்பத்திரிலேர்ந்து வரட்டும்" என்றார்.

இலை போட்டேன், யாரும் சாப்பிடவில்லை. சுண்டல் ஆறிப்போயிற்று. இவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில். இரண்டு மணி, மூன்று மணி. பந்தலில் மேளம் நின்று மறுபடி தொடங்கியது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே போன் அடித்தது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். பிறகு பௌதி செருப்புகூடப் போடாமல் படியில் ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"இருக்கு. துடிப்பு இருக்கு. காதால கேட்டாளாம்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தோளுக்கு மேலே இவரைப் பார்த்தேன். எங்களுடைய மூன்றுக்கும் ஒரு தடவைகூட என் எதிரில் அழாத மனிதர், அந்த நீல நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.